துரை விட்டுப்போன கட்டில்

“உள்ள உளுத்துப் போச்சுங்க. எங்களுக்கு வேணாம்.”

கட்டிலுக்கு அடியில் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்த ஜெய்புன்னிசா இப்படிச் சொன்னதும், அவள் கணவன் ஃபரூக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வாணியம்பாடியில் அவர்களுடைய பழைய மரச்சாமான் கடை, வெள்ளைக்காரன் காலத்தில் அவளுடைய கொள்ளுத்தாத்தா ஆரம்பித்தது. இப்போது ஈ ஓட்டுகிறார்கள். கொசுவலைக் கம்பம் வைத்த பழைய கட்டில் கிடைத்தால், மற்ற சாமான்களையும் உங்களிடமே வாங்குகிறேன் என்று வேலூர் ஓட்டல்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் ஜவ்வாது மலை ஏறி மோகன் என்பவரின் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காட்டிலாகா துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது மோகனின் பாட்டனாருக்குக் கொடுத்த கட்டில் அது.

மோகனின் அம்மா ஜெயம்மாள் டீ கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

சரி, விலையைக் குறைக்க நாடகம் போடுகிறாள் என்று ஃபரூக் வாயை மூடிக்கொண்டான். இந்த வித்தையில் அவள் கெட்டிக்காரி.

மோகன் முகம் தொங்கிப்போனது.

“சும்மா வேணா எடுத்துக்கினு போங்க பாயம்மா. சோபா போட எடம் வேணும்.”

ஃபரூக் கயிற்றை எடுக்க வண்டிப் பக்கம் திரும்பினான்.

“சும்மா குடுத்தாலும் வேணாம். எடத்த விட்டு நகத்தாதீங்க, உதுந்துடும். வேற யாராவது கேட்டு வந்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

அவள் உளுத்தது என்று சொன்ன மரத்தை அந்தப் பக்கத்தில் எந்த வியாபாரியும் தொடமாட்டான். தானும் எடுக்காமல் அடுத்தவனையும் எடுக்கவிடாமல், இது என்ன குணம்?

மலை இறங்கும்போது ஃபரூக் அடக்க முடியாமல் கேட்டுவிட்டான்.

“எங்க உளுத்திருந்துச்சு ஜெய்பு?”

“எங்கியும் இல்லீங்க. நயமான பர்மா தேக்கு.”

“பின்ன இன்னாத்துக்கு?”

“நாலு கம்பத்துல ஒண்ணு மட்டும் கை பட்டுப் பட்டு வழவழன்னு இருந்துச்சு. அந்தம்மா தெனமும் அதைப் புடிச்சிக்கினுதான் எழுந்திரிக்கிறாங்க. நாம போனப்பவும் அப்படித்தான் எழுந்தாங்க.”

“அதை மவன்கிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“அவரு தெனமும் பாத்துக்கினுதான இருக்காரு?”

ஓட்டல்காரருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை ஃபரூக்குக்கு.

ஜெய்புன்னிசா மெல்லச் சொன்னாள்: “நாம தூக்கினு வந்துட்டா, நாளைக்கு அந்தம்மா எதைப் புடிச்சி எழுந்திரிப்பாங்க?”