விரல் வைத்த சூடு

விரலை வைத்துக் காத்திருந்தான். கணினி வாய்விட்டுச் சொன்னது. மூன்று, இருபத்தொன்பது டிகிரி. மூன்று, முப்பத்தொன்று. மூன்று, முப்பத்து மூன்று.

ஆக, சூட்டை அளக்கும் மூன்றாவது சென்சார் இங்கேதான் இருக்கிறது. விரலை எடுத்தான். எண் மெல்ல இறங்கியது.

அவனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் வருவதையெல்லாம் கணினிதான் படித்துச் சொல்லும். ஒலிப்பதிவுகளை வெட்டி ஒட்டிச் சுத்தம் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு.

புதுக் கணினி வாங்கி லினக்ஸ் இயங்குதளம் போட்ட நாளிலிருந்து அதன் ஃபேன் ஓயாமல் இரைந்து, வேலை செய்ய விடாமல் காதைத் தின்றது. எங்கே எவ்வளவு சூடு என்று தெரிந்தால்தான் அதை அடக்கலாம். லினக்ஸோ ஐந்து எண்களை நீட்டிவிட்டு, எது எந்த இடத்துச் சூடு என்று சொல்லாமல் கைகழுவிவிட்டது.

அதனால் கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு விரலால் தேடிக்கொண்டிருந்தான். விரல் பட்ட இடத்தின் எண் ஏறும். ஏறிய எண்ணுக்குப் பெயர் வைத்துவிடலாம். நான்குக்கு வைத்தாயிற்று.

ஐந்தாவதுதான் பிடிகொடுக்கவில்லை.

இன்றைக்குள் முடித்தே தீர வேண்டும். தனியாகத்தான் இருப்பேன் என்று அவன் அடம்பிடித்தபோது அக்கா கொடுத்தது ஒரு மாதக் கெடு. ஞாயிற்றுக்கிழமையோடு அது முடிகிறது. அதற்குள் தொழில் ஓடத் தொடங்கவில்லை என்றால் மூட்டை முடிச்சோடு மாமாவின் வேனில் ஏற வேண்டியதுதான். அப்புறம் ஆயுசுக்கும் அக்கா வீட்டு உள்ளறை. முப்பத்தெட்டு வயது ஆளை மணிக்கொரு தரம் "சாப்பிட்டியா" என்று கேட்கும் வீடு. பாசம்தான், ஆனால் மூச்சு முட்டும்.

பெட்டிக்குள் இருந்த மின்சுற்றுப் பலகையை அங்குலம் அங்குலமாகத் தடவினான். ஐந்து, இருபத்தெட்டு. அசையவில்லை.

அலுத்துப்போய்க் கையை வெளியே எடுத்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்தான்.

ஐந்து, முப்பது. ஐந்து, முப்பத்திரண்டு. ஐந்து, முப்பத்து மூன்று.

அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு இறங்கியது.

சென்சார் எதையும் இணைக்காத வெறும் முனையாக இருக்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டான். அப்படிப்பட்ட முனைகள் வாய்க்கு வந்ததை உளறும். ஒரு நொடி மைனஸ் அறுபது என்னும், மறுநொடி நூற்றிருபது என்னும். இது உளறவில்லை. நிதானமாக ஏறி நிதானமாக இறங்கியது. அவன் விரலுக்கு மூன்றாவது எண் எப்படி ஏறி இறங்கியதோ, அதே மாதிரி.

மூன்றில் மறுபடியும் விரலை வைத்து எடுத்தான். அது இறங்கி முடிந்ததும் ஐந்து ஏறியது.

இரண்டு தடவை வைத்து எடுத்தான். ஐந்து இரண்டு தடவை ஏறி இறங்கியது.

மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினான். ஃபேன் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் கதவைத் தடவிப் பார்த்தான். காலையில் போட்ட தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

அக்காவிடம் சொல்லலாம். சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் வேன் கிளம்பிவிடும்.

பலகையின் ஓரத்தில் இரண்டு ஊசிமுனைகள் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தன. ஐந்தாவது அதுவாகத்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் பொடி எழுத்தில் பெயர் அச்சிட்டிருப்பார்கள். அதை மட்டும் யாராவது படித்துச் சொல்லிவிட்டால் சந்தேகமும் தீரும், இந்தப் பாழாய்ப்போன பயமும் தெளியும்.

ஒரு மாதத்தில் முதல் முறையாக அக்காவுக்கு வீடியோ கால் போட்டான். வலது கையில் போனைப் பிடித்துப் பெட்டிக்கு மேலே நீட்டினான். இடது கையை முழங்காலில் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"என்னடா, ஞாயித்துக்கிழமை வரைக்கும்கூடத் தாங்கலையா?" அக்காவின் குரலில் கேலி பாதி, கவலை பாதி.

"ஒண்ணுமில்லக்கா. ஓரத்துல ரெண்டு ஊசி நீட்டிட்டிருக்கும் பாரு. பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படி."

"இன்னும் கீழ கொண்டுபோ. போதும், ஆட்டாத."

அவன் போனை அசையாமல் பிடித்தான்.

"எழுத்து தெரியலடா. அந்தப் பொண்ணோட விரல் மறைக்குது. எடுக்கச் சொல்லு."



ஐந்து, முப்பத்து மூன்று என்றது கணினி. ஐந்து, முப்பத்தொன்று. ஐந்து, இருபத்தொன்பது.

"ம், எடுத்துட்டா," என்றாள் அக்கா. இப்போது அவள் சிரிப்பது கேட்டது. "திருட்டுப் பயலே, இதுக்குத்தான் தனியா இருக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னியா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு மாசமா நான் தூக்கம் கெட்டுக் கிடந்திருப்பேனா? சரி சரி, வேன் வராது. நீ அங்கயே இரு."

ஒரு மாதமாக அவன் காத்துக்கிடந்த வார்த்தை அது.

"அக்கா, வந்து என்னைக் கூட்டிட்டுப் போ" என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.