டர்னருக்கு வந்த பதில்

பூந்தமல்லி வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் ஹாஜா மொய்தீன் கம்பெனிக் கடிதத்தை விரித்துப் பிடித்திருக்கிறார். அம்பத்தூரில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக டர்னர், லேத்தில் இரும்பு கடையும் வேலை. வேலையை நிரந்தரமாக்கும்படி கொடுத்த மனுவுக்கு இப்போதுதான் பதில் வந்திருக்கிறது. அதில் இரண்டு வார்த்தைகள் பிடிபடவில்லை: டர்ன்டு டவுன். "டர்ன் டவுன்னா கடைஞ்சு சன்னமாக்கறது. தெனம் லேத்துல அதத்தான் செஞ்சிகினு கீறேன். மனு குடுத்தவன எதுக்குக் கடையறானுங்க?" கழுவியும் போகாத எண்ணெய்க் கறுப்பு அவர் விரல் ரேகைகளில் படிந்திருக்கிறது. எதிரில் மனைவி நஜ்மா அகராதியை மடியில் வைத்து வாசிக்கிறாள். "திரும்பு, சுழற்று, புரட்டு, புளித்துப்போ..." பக்கம் புரண்டும் 'டர்ன்' என்ற அதே சொல்தான் ஓடுகிறது. "ஒரு வார்த்தைக்கு இத்தினி அர்த்தமா? டவுனோட சேர்ந்தா இன்னா, அதப் பாரு" என்று எரிந்து விழுகிறார். அவளுடைய விரல் ஒரு வரியில் நிற்கிறது. "கைய எடு நஜ்மா." நகம் வெளுக்க அவள் அந்த வரியை இன்னும் அழுத்திக்கொள்கிறாள். அவரே விரலை விலக்கிப் பார்க்கிறார். 'மறுத்துவிடு' என்றிருக்கிறது. "முடியாதுன்னு சொல்றதுக்கு எந்தொழிலோட வார்த்தைதான் கெடச்சிதா அவனுங்களுக்கு?"