என்னைத் தேடாதீர்கள்

காணாமல் போன யாரையும் முகத்தை வைத்தே நொடியில் கண்டுபிடித்துவிடும் மையம் எங்களுடையது. அதன் இணையதளத்துக்கு எங்கள் வடிவமைப்பாளர் அமலோற்பவம் போட்ட மாதிரியில், 'தேடுங்கள்' பொத்தானுக்கு மேலேயே 'என்னைத் தேடாதீர்கள்' என்று இன்னொன்று இருந்தது. அதை அழுத்துபவரின் இருப்பிடம் மறைந்துவிடும். வீட்டுக்கு ஒரு வரி மட்டும் சொல்லலாம்.

"காணாமப் போனவன் இதை எதுக்கும்மா அமுக்கப் போறான்? எடுத்துடு," என்றார் இயக்குநர் குலசேகரன்.

"போனவங்களும் நம்ம தளத்தைப் பாப்பாங்க சார். பயந்துகிட்டே பாப்பாங்க," என்றவள் கடைசிவரை எடுக்கவில்லை. எனக்கு அந்தத் துணிச்சல் வராது.

தளம் திறந்த அன்று மாலை, வீட்டை விட்டுப் போன தன் மகளின் படத்தை இயக்குநரே ஏற்றினார். முகவரி வரவில்லை; திரையில் ஒரு வரி மட்டும் வந்தது.

"நல்லா இருக்கேன்ப்பா. தேடாதீங்க."

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அமலோற்பவத்தைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொத்தானை இன்னும் கொஞ்சம் பெருசாக்கும்மா."