கைக்கெட்டும் தூரம்

“ரிடையர் ஆன அன்னைக்கே போனைத் தொடுறதை விட்டுட்டேண்ணா. இப்ப எல்லாமே இந்த வாட்ச்தான்!” என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார் முன்னாள் மேலாளர். மனைவியோடு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார்.

அண்ணன் அசந்து போனார். “நான் பாத்ரூமுக்கே போனோடதான் போறேன். உன் வைராக்கியம் யாருக்குடா வரும்!”

அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு, “வா, கடைத்தெரு வரைக்கும் நடந்துட்டு வரலாம்” என்று மேலாளரின் மனைவியை அழைத்தாள்.

“அவ எதுக்கு அண்ணி? இங்கேயே இருக்கட்டுமே!” என்று பதறினார் மேலாளர்.

“கொஞ்ச நேரம்கூட விட்டுட்டு இருக்க முடியாதா தம்பி? உங்க அண்ணனும் இருக்காரே, நான் எங்கே போனாலும் கண்டுக்கவே மாட்டார்!”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் கிளம்பினார்கள்.

அப்போது பழைய அலுவலக நண்பர் வாட்சில் அழைத்தார். “போனா? அந்தச் சனியனைத் தலைமுழுகிட்டேன்யா...” என்று மேலாளர் பெருமையடிக்கும்போதே வாட்ச் ஊமையாகிவிட்டது. வெறுங்காலோடு தெருவில் ஓடினார்.

“பாரேன், பின்னாடியே ஓடி வர்றார்!” என்று பூரித்தாள் அண்ணி.

மனைவி நின்றாள். கைப்பையிலிருந்து அவருடைய போனை எடுத்தாள்.

“இது பக்கத்துல இருந்தாத்தான் அந்த வாட்ச் பேசுமாம்க்கா. அவர் தொடுறதில்லை, நான் சுமக்கிறேன். அவர் தேடி வந்தது என்னை இல்லை, இதை.”

போனை அவர் கையில் திணித்துவிட்டு, கைவீசி நடந்தாள்.

நண்பர் மறுபடி அழைத்தார். போனும் வாட்சும் சேர்ந்து அலற, எதை எடுப்பதென்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றார் மேலாளர்.