களத்துமேட்டுத் தெரு எந்த வார்டு?

"எங்க தெருவத் தூக்கிப் பக்கத்து வார்டுல போடச் சொல்லி மனு குடுத்தது நீங்களா சார்?"

வார்டு எல்லைக்கான கருத்துக்கேட்புக் கூட்டம். முனிரத்தினம் போட்ட சத்தத்தில் மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது.

கவுன்சிலர் மாணிக்கவேல் மறைக்கவில்லை. "ஆமாம்பா. நான்தான்."

முனிரத்தினத்துக்கு வயிறு எரிந்தது. ஷேர் ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிற மனுஷன். போன இரண்டு தேர்தலுக்கும் சவாரியை விட்டுவிட்டு, இவருக்காகக் களத்துமேட்டுத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறார். எரியாமல் என்ன செய்யும்?

"ஓட்டு கேக்க வரசொல்ல எங்க வீட்ல உக்காந்து டீ குடிச்சீங்க. இப்பதான் நாங்க எஸ்.சி. ஜனம்னு கண்ணுக்குத் தெரியுதா?"

"அப்படி இல்லப்பா..."

"பின்ன எப்படி? பத்து வருஷம் கத்திக் கத்தி இப்பதான் குடிதண்ணி பைப்பு வந்துக்கினு இருக்குது. அந்த வார்டுக்குப் போனா மொதல்லேர்ந்து யார் காலப் பிடிக்கிறது?"

பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். மாணிக்கவேலின் முகம் சுண்டிப்போனது.

"மேஜையில இருக்கிற அந்தம்மா கிட்ட கணக்கு இருக்குது. பாத்துட்டு அப்புறம் திட்டுப்பா" என்றபடி எழுந்து வெளியே போய்விட்டார்.

முனிரத்தினம் விடுவதாக இல்லை. நேராக எழுத்தர் தேவிப்ரியாவின் மேஜைக்குப் போனார். "எங்க தெரு இதே வார்டுல இருக்கணும். எதிர் மனு எழுத ஒரு பாரம் குடும்மா."

அவள் பாரத்தோடு ஒரு பட்டியலையும் நகர்த்தினாள்.

"எழுதறதுக்கு முன்னாடி இதப் பாத்துடுங்கண்ணா. இந்த வார்டுல ஆறாயிரம் பேரு. அதுல எஸ்.சி. ஜனம்னா உங்க தெரு அறுநூறு பேர் மட்டும்தான்."

"அதான் துரத்துறாரு."

"பக்கத்து வார்டுல ஐயாயிரம் பேருக்கு ஆயிரத்து ஐந்நூறு. பங்கு அதிகமா இருக்கிற வார்டத்தான் ரிசர்வ் பண்ணுவாங்க. அது கொஞ்சத்துல தவறிப்போகுது. உங்க தெருவும் சேர்ந்தா ரிசர்வ் ஆயிடும். உங்க ஜனத்துல ஒருத்தர்தான் கவுன்சிலரா வர முடியும்."

திறந்த பேனா கையிலேயே நின்றது. "இதுல அவருக்கு என்னம்மா லாபம்?"

"லாபமா? போன தடவ அவர் ஜெயிச்சதே தொண்ணூறு ஓட்டுல. உங்க தெருவுல மட்டும் அவருக்கு முந்நூறு விழுந்திருக்குது. நீங்க போயிட்டா அடுத்த தடவ அவர் வீட்லதான்."

முனிரத்தினம் பேனாவை மூடினார். அத்தனை பேர் நடுவில் என்னவெல்லாம் பேசித் தொலைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"இத அவரே வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமேம்மா."

"கூட்டத்துல எப்படிண்ணா சொல்லுவாரு? அவரோட கட்சிக்காரங்களே சும்மா விடுவாங்களா?"

எழுதாத பாரத்தை அவர் மெல்லத் திருப்பி நீட்டினார். அதை வாங்கி வைத்துக்கொண்டே தேவிப்ரியா கேட்டாள்:

"ஒண்ணு கேக்கணும்ண்ணா. ரிசர்வ் வார்டுல நிக்கறதுக்கு என்னென்ன சர்டிபிகேட் வேணும்னு நேத்து அவரு ஒருத்தருக்காக எழுதி வாங்கிக்கினு போனாரு. உங்க தெருவுல முனிரத்தினம்ங்கிறது யாருண்ணா?"