வலது காலுக்கு ஐந்து

முதியோர் இல்லத்தில் அவளுக்கு 'மார்க் அக்கா' என்றே பெயர். பாட்டு போடும்போது யார் எவ்வளவு ரசிக்கிறார்கள் என்று வாரம் ஒருநாள் வந்து மார்க் போடுவது அவள் வேலை. முகத்தை அவள் நம்பமாட்டாள், காலைத்தான் பார்ப்பாள். "மூஞ்சி மரியாதைக்குச் சிரிக்கும். காலுக்கு அதெல்லாம் தெரியாது" என்பாள். அவள் கணக்கு இதுவரை தப்பியதில்லை.

மூன்று வாரம் முட்டை வாங்குபவரைப் பிறகு பாட்டுக்கு அழைத்துவர மாட்டார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு இது மூன்றாவது வாரம். முகம் கல்லாட்டம் இருந்தது. ஆனால் மடியிலிருந்து தொங்கிய போர்வைக்குக் கீழே வலது ஷூவின் நுனி தாளம் தப்பாமல் தட்டியது. 'வலது கால்: ஐந்துக்கு ஐந்து' என்று எழுதினாள்.

தாளை வாங்கிப் பார்த்த நர்ஸ், "அக்கா, அவருக்கு வலது கால எடுத்து ரெண்டு வருஷமாச்சே!" என்று போர்வையை விலக்கினாள். இடது கால் மட்டுமே இருந்தது, அதுவும் அசையாமல்.

"அப்ப நான் பார்த்த வலது ஷூ?"

"அவர் ரூம் அலமாரியில. தூக்கிப் போடவே விடமாட்டேங்கிறார்."

இருவரும் போய்ப் பார்த்தார்கள். அலமாரி பூட்டியிருந்தது. உள்ளே டொக் டொக்கென்று சத்தம். கூடத்தில் வேகமான பாட்டு முடிந்து மெதுவான பாட்டு தொடங்கியது. அலமாரிக்குள் சத்தமும் நிதானமானது.

நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப என்னக்கா எழுதுவீங்க?"

மார்க் அக்கா பேனாவைத் திறந்தாள். ஐந்தை அடிக்கவில்லை. அதற்குக் கீழே, 'மெதுவான பாட்டும் பிடிக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.