தகர மூடிச் சத்தம்

"ரேடியோவைச் சத்தமா வை, யூனாக்கா! ஜெயிலை உடைச்சுட்டானுங்களாம்!"

பக்கத்து வீட்டு பெர்னி கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்குப் பிசைந்துகொண்டிருந்தவள், மாவுக் கையோடு அப்படியே ஓடிவந்திருக்கிறாள்.

யூனா ரேடியோவைத் திருகினாள். உள்ளே கிடந்த, பட்டாளத்தை எதிர்த்துச் சண்டைபோடும் இயக்கத்துப் பையன்கள் முப்பது பேருக்கு மேல், சலவைத் துணி ஏற்றும் லாரியைப் பிடித்து வாசல்வரை ஓட்டிவந்துவிட்டார்களாம். வாசலில் காவலர்களோடு அடிதடியாகி, ஆளுக்கொரு திசையாக வயலில் இறங்கி ஓட்டமாம். பெல்ஃபாஸ்ட் முழுக்க இதே பேச்சு.

"பேர் ஏதாச்சும் சொன்னானா?"

"சொன்னான். டெக்லன் பேரும் இருக்கு. என் காதால கேட்டேன்க்கா, உன் புள்ள வெளியில வந்துட்டான்!"

யூனா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷப்படத் தெரியவில்லை அவளுக்கு. எப்படித் தெரியும்? மூத்தவன் இந்தத் தெருமுனையில் குண்டடிபட்டுச் செத்தான். இளையவனுக்கு ஆயுள் தண்டனை. மாதம் ஒருமுறை பஸ் ஏறிப்போய், காவலன் காதுபட நாலு வார்த்தை பேசிவிட்டு வருவாள். உள்ளே கிடந்தாலும் உயிரோடு கிடக்கிறானே என்று மனசைத் தேற்றி வைத்திருந்தாள். இப்போது அதுவும் போயிற்று.

"முயலைச் சுடற மாதிரி சுட்டுப்போடுவானுங்கடி."

"வாயைக் கழுவு! நல்ல நாளும் அதுவுமா பேச்சைப் பாரு."

"இங்க வருவானா?"

"வீட்டுக்கா? அவன் என்ன மடையனா? எல்லையைத் தாண்டித் தெற்கே போயிடுவான், அங்க இவனுங்க பட்டாளம் நுழைய முடியாது."

"மடையன்தான்டி அவன். சின்னதுலேர்ந்தே மடையன்தான்" என்றாள் யூனா. எழுந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை விலக்கி வைத்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு ரேடியோ பிடிபட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. ஆற்றுக்குள் மூழ்கிக் கிடந்தவன் ஒருத்தன், மாட்டுக் கொட்டகையில் ஒளிந்தவன் ஒருத்தன். ஒவ்வொரு பெயருக்கும் யூனா செத்துச் செத்துப் பிழைத்தாள். ஜெபமாலையை உருட்டி உருட்டி விரல் சிவந்துவிட்டது. பெர்னி போட்டுக் கொடுத்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியது.

பொழுது சாய்ந்தது. டெக்லன் பெயர் வரவில்லை.

"பாத்தியா? தப்பிச்சுட்டான்! பட்டாளம் பூரா ஜெயிலைச் சுத்தி மேயுதாம். நம்ம தெருவுல ஒரு நாயும் இல்லை. மெயின் ரோட்டுல மட்டும் ஒத்த ஜீப்பு நிக்குது" என்றாள் பெர்னி.

யூனாவுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அழுகையும் வந்தது.

வெளியே ஒரே கூச்சல். தெருப் பெண்கள் எல்லோரும் குப்பைத்தொட்டியின் தகர மூடியும் கையுமாக நடைபாதையில் கூடியிருந்தார்கள்.

"யூனாக்கா, வெளிய வா! இத்தனை வருஷமா 'பட்டாளம் வருது, ஓடுங்கடா'ன்னு பசங்களுக்குச் சொல்லத்தான் இதை அடிச்சோம். இன்னிக்கு ஒருநாள் சந்தோஷமா அடிப்போம். உன் புள்ளைக்காக மொத அடி நீதான்!"

"வேண்டாம்டி, எனக்குக் கையே ஓடலை."

"ஏன், பிகு பண்றியா? எல்லாம் ஓடும், வா!"

இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யூனா கல்தரையில் மண்டிபோட்டாள். மூடியை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் ஓங்கி அடித்தாள். முதல் அடி மூத்தவனுக்காக என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் யாருக்காக என்று நினைக்க நேரமில்லை. தெரு முழுக்க அவளோடு சேர்ந்து அடித்தது. பக்கத்தில் நிற்கிறவள் கத்துவதுகூடக் காதில் விழவில்லை. "பாத்துக்கோடா, பாழாப்போன ஜெயிலே!" என்று பெர்னி ஆட, யூனா சிரித்தாள். மூத்தவனைப் புதைத்த நாளுக்குப் பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கை ஓய்ந்து உள்ளே வந்தபோது பின்கதவு திறந்துகொண்டது.

"டெக்லன்!"

டெக்லன் இல்லை. அவனுடைய கூட்டாளி, டாக்ஸி ஓட்டும் மாலகி. முகத்தில் ரத்தமே இல்லை.

"பட்டாளம் எங்கம்மா? போயிட்டானுங்களா?"

"பட்டாளமா? இங்க ஏதுடா பட்டாளம்?"

"அப்புறம் எதுக்கு மூடியை அடிச்சீங்க?"

"சந்தோஷத்துலடா! அவன் தப்பிச்சுட்டான்ல, அதுக்கு!"

மாலகி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டான்.

"எல்லைக்குப் போறதுக்கு முன்ன உங்க முகத்தை ஒரு தடவை பாக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாம்மா. நான்தான் பின்சந்து வரைக்கும் கூட்டிட்டு வந்தேன். இந்தக் கதவுல கையை வெச்சுட்டான். அப்பத்தான் சத்தம் கேட்டுச்சு. 'பட்டாளம் வந்தா எங்கம்மாதான்டா மொதல்ல அடிப்பா. அவ கை எனக்குத் தெரியும், ஓடுடான்னு சொல்றா'ன்னுட்டு மெயின் ரோட்டுப் பக்கம் ஓடிட்டாம்மா, நேரா அந்த ஜீப்புகிட்ட..."

பின்சந்துக்கு ஓடப்போன யூனாவின் கையை மாலகி பிடித்துக்கொண்டான்.

"சுட்ட சத்தம்கூடவா உங்க யாருக்கும் கேக்கலை?"